சுருதி திருத்தும் கருவியும் நம் செவியும்

"சுருதி மாதா, லயம் பிதா" என்பது சங்கீதம் பயில்வோர் முதற் பாடத்திலேயே கேட்கும் முதுமொழி. குரல் இனிமையாயிருக்கலாம்; சொல் தெளிவாயிருக்கலாம்; தாளமும் பிசகாதிருக்கலாம். ஆயினும் சுருதி சற்றே விலகிவிடின் கேட்போர் முகம் சுளிப்பர். இக்குறையை நீக்குதற்கு முற்காலத்தில் இருந்த வழி மீண்டும் பாடுதல் ஒன்றேயாம். இன்றோ, பாடி முடிந்த பாட்டின் சுருதியைப் பின்னர் அமர்ந்து திருத்தவல்ல கணினி மென்பொருள்கள் பல வந்துவிட்டன. பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் மாத்திரமன்றி, வீட்டு மேசைமேல் இருக்கும் சாதாரண கணினியிலும் அவை இயங்குகின்றன. பாடசாலைக் கீதத்தையும், கோயில் திருவிழாவுக்குரிய பக்திப் பாடலையும், தேவாலயப் பாடகர் குழுவின் கீர்த்தனையையும் தாமே பதிவு செய்யும் இளைஞர் நம்மிடையே உளர். அவர்கள் வினவும் வினாக்கள் இரண்டு. எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது என்பது ஒன்று. அதனைக் காலம் வீண்போகாமல் எவ்வாறு கையாள்வது என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

கருவியைத் தெரியுமுன்னர் அக்கருவி எதனைத் திருத்துகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு வினாடியில் நிகழும் அதிர்வுகளின் தொகை கூடுந்தோறும் ஒலி உயரும்; குறையுந்தோறும் தாழும். மேலைநாட்டு இசைக்கருவிகளைச் சுருதி கூட்டுவதற்கு இன்று பொதுவாகக் கொள்ளப்படும் அளவுகோல், வினாடிக்கு 440 அதிர்வுகளையுடைய 'ஏ' என்னும் சுரமாகும். அதன் இரட்டிப்பாகிய 880 அதிர்வில் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். ஒரு ஸ்தாயியைப் பியானோவானது பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பகுக்கின்றது. அவ்விடைவெளி ஒன்றை மீண்டும் நூறாகப் பகுத்து ஒரு நுண்ணளவை அமைத்துள்ளனர். ஒரு ரூபாவுக்கு நூறு சதம் இருப்பதுபோல ஓர் இடைவெளிக்கு நூறு கூறு இருத்தலின், நாமும் அதனைச் சதம் என்றே வழங்குவோம். ஆகவே ஒரு ஸ்தாயிக்கு 1200 சதம் உண்டு. மென்பொருளின் திரையிலே "இருபது சதம் தாழ்வு" என்று காணின், அச்சுரம் அடுத்துள்ள கீழ்ச் சுரத்தை நோக்கி ஐந்தில் ஒரு பங்கு தூரம் இறங்கிவிட்டது என்பது பொருள்.

மனிதக் குரல் பியானோவின் கட்டைபோல ஓரிடத்தில் அசையாது நிற்பதன்று. ஒரு சுரத்தை நீட்டிப் பாடும்போது குரல் பெரும்பாலும் கீழிருந்து ஏறி அச்சுரத்தைத் தொடுகின்றது. தொட்டபின் மெல்ல அசைகின்றது. முடியும் தறுவாயிற் சிறிது சரிகின்றது. மேலைநாட்டு முறையிற் பயிற்சி பெற்ற பாடகரின் குரல் வினாடிக்கு ஐந்து முதல் ஏழு தடவை வரை சீராக மேலும் கீழும் அதிர்வதை அளந்து கண்டுள்ளனர். இவ்வசைவுகளையெல்லாம் பிழையென்று கொண்டு துடைத்துவிட்டால் எஞ்சுவது மனிதக் குரல் ஆகாது. ஆதலின் ஒரு சுரத்தில் மூன்று கூறுகளை நாம் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, சுரத்தின் நடுநிலை. கேட்போர் இஃது இன்ன சுரம் என்று உணர்வது இந்நிலையையே. இரண்டாவது, நீண்ட சுரமானது மூச்சுக் குறையக் குறைய ஒரு பக்கமாக விலகிச் செல்லும் மெதுவான நகர்வு. மூன்றாவது, குரலின் விரைந்த அசைவு. முதலாவதில் நேரும் பிழை செவியை வருத்தும். இரண்டாவதில் நேரும் பிழை சில வேளைகளில் வருத்தும். மூன்றாவது பெரும்பாலும் பாட்டின் உயிர். இம்மூன்றையும் தனித்தனியே கையாள இடந்தரும் கருவியே நல்ல கருவி என்பதை இப்பொழுதே மனத்திற் கொள்க.

இக்கருவிகள் தோன்றிய வரலாற்றையும் சுருக்கமாகப் பார்ப்போம். ஒலிநாடா வழங்கிய காலத்தில், நாடாவின் வேகத்தைக் கூட்டினால் சுருதி உயரும். ஆனால் பாட்டும் உடன் விரைந்து குறுகிவிடும். 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் ஈவென்ரைட் என்னும் கொம்பனி 'ஹார்மொனைசர்' என்ற மின்னணுக் கருவியை வெளியிட்டது. காலத்தை மாற்றாது சுருதியை மட்டும் மாற்றும் ஆற்றல் அதற்கு இருந்தது. எனினும் எந்தச் சுரம் எவ்வளவு விலகியது என்பதை மனிதரே செவியால் அறிந்து கையால் திருத்த வேண்டியிருந்தது.

அவ்வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தவர் அன்டி ஹில்டிபிராண்ட் என்னும் அமெரிக்கர். நிலத்துக்குள் அலைகளைச் செலுத்தி, எதிரொலித்து மீளும் அலைகளைக் கணித்து, எண்ணெய் இருக்கும் இடத்தை ஆராயும் துறையிற் பல்லாண்டு உழைத்தவர் அவர். பின்னர் இசையையும் முறையாகக் கற்றவர். நிலத்தின் எதிரொலியை ஆராயப் பயன்பட்ட கணித முறை குரலை ஆராய்தற்கும் பயன்படும் என்று கண்டார். அம்முறை விளங்குதற்கு அரியதன்று. ஓர் அலையின் பிரதியை எடுத்து, சிறிது பின்தள்ளி, மூல அலையின்மேல் வைத்து ஒப்பிடுக. எவ்வளவு தள்ளும்போது இரண்டும் பொருந்துகின்றனவோ அவ்வளவே அலையின் ஒரு சுற்றுக்குரிய காலமாகும். இருநூறில் ஒரு வினாடி தள்ளியபோது பொருந்தின், குரல் வினாடிக்கு இருநூறு முறை அதிர்கின்றது என்பது தெளிவு. இவ்வாறு குரலின் சுருதியைக் கணந்தோறும் கண்டறிந்து, அண்மையிலுள்ள சுரத்துக்கு அதனை இழுத்துச் செல்லும் 'ஓட்டோ டியூன்' என்னும் மென்பொருளை அவர் 1997ஆம் ஆண்டு வெளியிட்டார். மறு ஆண்டிலேயே அமெரிக்கப் பாடகி ஷேர் என்பார் பாடிய 'பிலீவ்' என்னும் பாடலில், திருத்தும் வேகத்தை வேண்டுமென்றே மிகக் கூட்டிவைத்தனர். குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லாது இயந்திரம்போலத் தாவியது. பிழையை மறைக்கப் பிறந்த கருவி, அன்றுமுதல் ஒரு புதுக் குரல்வகையை ஆக்கும் கருவியாகவும் ஆயிற்று.

மற்றொரு வழி ஜெர்மனி நாட்டு மியூனிக் நகரத்தில் தோன்றியது. பீட்டர் நொய்பேக்கர் என்பாரும் அவர் தம் தோழரும் அமைத்த செலமோனி என்னும் நிறுவனம், 2001ஆம் ஆண்டு 'மெலடைன்' என்ற மென்பொருளை உலகுக்குக் காட்டியது. இதில் ஒவ்வொரு சுரமும் திரையிலே ஒரு திரள்போலத் தோன்றும். அதனூடே குரலின் அசைவு மெல்லிய கோடாக ஓடும். பயனர் தாம் விரும்பிய சுரத்தை மாத்திரம் தொட்டு உயர்த்தலாம், தாழ்த்தலாம், நீட்டலாம். பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும்போதும் அவற்றைத் தனித்தனியே பிரிக்கும் ஆற்றலை 2009ஆம் ஆண்டு இம்மென்பொருள் பெற்றது. தொழினுட்பத்துக்கான கிராமி விருது 2012இல் செலமோனிக்கும் 2023இல் ஹில்டிபிராண்டுக்கும் வழங்கப்பட்டதிலிருந்து, இவ்விரு ஆக்கங்களையும் ஒலிப்பதிவுத் துறையினர் எவ்வளவு மதித்தனர் என்பதை உணரலாம்.

இவ்வரலாறு நமக்குக் காட்டுவன இரு வழிகள். ஒன்று தன்னியக்க வழி. எந்தச் சுரம் சரி என்பதைக் கருவியே கணந்தோறும் தீர்மானிக்கின்றது. நாம் சுர வரிசையையும் வேகத்தையும் மட்டும் குறித்துக் கொடுக்கின்றோம். மற்றையது வரைபட வழி. கருவி காட்டுகின்றது, தீர்ப்பை நாம் வழங்குகின்றோம். மென்பொருளைத் தெரிவு செய்வோர், "எது பெயர்பெற்றது?" என்று வினவுமுன், "தீர்ப்பு யார் கையில் இருத்தல் வேண்டும்?" என்று வினவுதல் நன்று. மேடையில் நேராகப் பாடும்போது தீர்ப்புக்கு நேரமில்லை. அங்கே தன்னியக்க வழியொன்றே உதவும். பதிவு செய்து வைத்த பாட்டுக்கோ அவசரம் ஏதுமில்லை. அங்கே வரைபட வழியே சிறந்தது. ஓட்டோ டியூனின் முழுப் பதிப்பிலும் வரைபட முறை உண்டு. ஆதலின் பெயரைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் தகாது.

இனி, பணத்தைச் செலவிடுமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. உங்கள் கணினியிலே பாட்டைப் பதிவதற்கு ஏற்கெனவே எம்மென்பொருளைப் பயன்படுத்துகின்றீர்கள் என்று பாருங்கள். ஆப்பிள் கணினிகளில் வழங்கும் லொஜிக் புரோவில் 'பிளெக்ஸ் பிச்' என்னும் வசதி உள்ளது. கியூபேஸ் புரோவில் 'வரிஓடியோ' உள்ளது. இவையிரண்டும் வரைபட வழியைச் சேர்ந்தவை. வேறு மென்பொருள் வாங்காமலே பெரும்பாலான திருத்தங்களை இவற்றாற் செய்யலாம். ரீப்பர் என்னும் மென்பொருளைக் கையாள்வோருக்கு 'ரீயாடியூன்' உடன் கிடைக்கின்றது. அதில் தன்னியக்க முறையும் கைமுறையும் உண்டு. 'ஜீஸ்னாப்', 'எம்ஓட்டோபிச்' என்பன இலவசமாகக் கிடைப்பவை. ஆனால் தன்னியக்க வழியைச் சேர்ந்தவை. பழகிப் பார்ப்பதற்கு அவை போதும்.

மெலடைன் வாங்க எண்ணுவோர் அதன் பதிப்புகளின் வேறுபாட்டை அறிதல் வேண்டும். எசென்ஷல், அசிஸ்டன்ட், எடிட்டர், ஸ்டூடியோ என நான்கு பதிப்புகள் உள. எசென்ஷல் என்பது விலை குறைந்தது. சுரத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் அது உதவும். ஆனால் முன்னர்க் கூறிய நகர்வையும் அசைவையும் தனித்தனியே தொடும் கருவிகள் அசிஸ்டன்ட் பதிப்பிலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே தனிக் குரலைத் திருத்துவதே நோக்கமாயின் அசிஸ்டன்ட் போதும், எசென்ஷல் போதாது. ஒரே ஒலியில் பல சுரங்களைப் பிரிக்கும் வேலைக்கு எடிட்டர் வேண்டும். பல குரல்களை ஒரே திரையில் ஒருங்கே வைத்துத் திருத்தும் வேலைக்கே ஸ்டூடியோ வேண்டும். பெரிய பதிப்பை வாங்கிச் சிறிய வேலைக்கு வைத்திருத்தல் வீண் செலவு.

இன்னொரு குறிப்பு. முற்காலத்தில் இத்தகைய மென்பொருளுக்குள் பாட்டை முழுதும் ஒருமுறை ஓடவிட்டுப் பதிந்த பின்னரே திருத்தத் தொடங்கலாம். 2011ஆம் ஆண்டு செலமோனியும் பிரிசோனஸ் என்னும் நிறுவனமும் 'ஆரா' என்ற இணைப்பு முறையை அறிமுகஞ் செய்தன. பதிவு மென்பொருளும் திருத்தும் மென்பொருளும் இதனால் நேரே பேசிக்கொள்கின்றன. பாட்டை ஓடவிட்டுக் காத்திருக்கும் நேரம் மிஞ்சுகின்றது. உங்கள் பதிவு மென்பொருள் இம்முறையை ஏற்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்க. சந்தா கட்டிப் பெறுவனவும் உள, ஒரே முறை விலை கொடுத்து வாங்குவனவும் உள. இருவகையிலும் சில நாட்களுக்கு இலவசமாகப் பழகிப் பார்க்கும் வாய்ப்புப் பெரும்பாலும் தரப்படுகின்றது. அந்நாட்களில் உங்கள் சொந்தப் பாடலொன்றை முழுதாகத் திருத்திப் பார்த்து முடிவு செய்க. பூட்டை உடைத்து விற்கும் திருட்டுப் பிரதிகளை நாடற்க; அது பிறர் உழைப்பைக் கவர்வதாகும். கணினிக்கு நோய் வருவதும் பெரும்பாலும் அவ்வழியே.

இவ்விடத்தில் நம் சங்கீதத்துக்குரிய ஒரு பெரும் சிக்கலை எடுத்துரைத்தல் வேண்டும். இம்மென்பொருள்கள் தோன்றிய நாடுகளில் ஸ்தாயி பன்னிரண்டு சமக் கூறுகளாகப் பகுக்கப்படுகின்றது. கருவியும் இயல்பாக அப்பன்னிரண்டு கோடுகளையே அறியும். நமது இசையோ தம்புராவின் நாதத்தோடு இசைந்து நிற்பது. அந்தர காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். சட்சம் நான்கு முறை அதிரும் நேரத்தில் ஐந்து முறை அதிரும் காந்தாரமே தம்புராவோடு ஓய்ந்து கலப்பது. சதக் கணக்கில் அஃது ஏறத்தாழ 386. பியானோவின் கணக்கோ 400. சரியாகப் பாடிய மாணவியின் காந்தாரத்தைக் கருவி பதினான்கு சதம் தாழ்வு என்று கூறி மேலே தள்ளிவிடும். செவியுடையார் உடனே ஏதோ கூர்மை தட்டுவதை உணர்வர்.

இதனினும் பெரியது கமகம். தோடி இராகத்துக் காந்தாரத்தைச் சாதாரண காந்தாரம் என்று இலக்கணம் கூறும். ஆனால் பாடும்போது அஃது ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தையும் மத்திமத்தையும் நோக்கி அசைந்து அசைந்தே தோடியின் உருவைத் தருகின்றது. தன்னியக்கக் கருவி இவ்வசைவைக் கண்டு, இது ரிஷபமா, காந்தாரமா, மத்திமமா என்று கணந்தோறும் மயங்கி, அலையாக வந்த நாதத்தைப் படிக்கட்டாக வெட்டிவிடும். படிக்கட்டு ஒவ்வொன்றும் சுத்தமான சுரமே. ஆயினும் தோடி அங்கே இல்லை. ஓதுவார் பண்ணோடு பாடும் தேவாரத்துக்கும், நம் நாட்டுப் பாடல்களில் வரும் வழுக்கலுக்கும் இது பொருந்தும். சுரங்கள் நிலைத்து நிற்கும் மெல்லிசைப் பாடலிலே தன்னியக்க வழியை மெதுவான வேகத்தில் வைத்துப் பயன்படுத்தலாம். கமகம் நிறைந்த பாட்டிலோ அதனைத் தொடாதிருப்பதே நன்று. வரைபட வழியிலும், அசையும் சுரத்தின் அசைவை விட்டுவிட்டு, அது முழுவதையும் ஒரே அளவாகச் சிறிது ஏற்றவோ இறக்கவோ செய்யலாமேயன்றி, அதனை நேர்கோடாக்குதல் ஆகாது.

இனி வேலை முறைக்கு வருவோம். காலத்தை மிச்சப்படுத்தும் இரகசியம் மென்பொருளில் இல்லை. அதனைத் திறக்குமுன் செய்யும் வேலையில் இருக்கின்றது.

முதலாவது, பாடுவோருக்கு இயல்பான சுருதியைத் தெரிவு செய்க. மேல் ஸ்தாயியில் எட்டாத சுரத்தை எட்டமுயன்று திணறும் குரலைச் சுருதியால் திருத்தலாம். திணறலைத் திருத்த இயலாது. பாடும்போது சுருதிப்பெட்டியின் நாதம் ஹெட்போனில் தெளிவாகக் கேட்கட்டும். ஆனால் மிக உரத்து வேண்டா. ஒரு காதைச் சிறிது திறந்து வைத்துத் தம் குரலைத் தாமே கேட்கும் பாடகர் பெரும்பாலும் சுருதி விலகார். எதிரொலி குறைந்த அறையிலே பதிவு செய்க. எதிரொலியில் முன் சுரத்தின் எச்சம் பின் சுரத்தோடு கலந்துவிடுதலின், கருவி சுருதியைக் கண்டறியத் தடுமாறும். இதே காரணம்பற்றிச் சுருதிப்பெட்டியின் ஒலியும் பக்கவாத்திய ஒலியும் பாடகரின் ஒலிவாங்கியிற் புகாதிருத்தல் வேண்டும். குழுப்பாடலாயின், அனைவரையும் ஒரே ஒலிவாங்கி முன் நிறுத்திப் பதிந்துவிட்டுப் பின்னர் ஒருவரை மட்டும் திருத்த முயல்வது வீண் முயற்சி. திருத்தம் வேண்டியிருக்கும் என்று கருதின் தனித்தனியே பதிக.

இரண்டாவது, பாட்டை மூன்று நான்கு முறை முழுதாகப் பாடச் செய்து, அவற்றுள் வரிக்கு வரி சிறந்ததைத் தெரிந்து ஒன்றாக இணைக்க. பல்லவி இரண்டாம் பதிவிலே நன்றாயிருக்கும். சரணம் முதற் பதிவிலே நன்றாயிருக்கும். இவ்வாறு இணைத்தபின் பார்த்தால், திருத்தவேண்டிய இடங்கள் மிகச் சிலவாகவே எஞ்சும். சுருதி சரியாயுள்ள வரியையும் உணர்ச்சி நிறைந்த வரியையும் ஒப்பிட நேர்ந்தால், உணர்ச்சி நிறைந்ததையே கொள்க. சுருதியைப் பின்னர்த் திருத்தலாம். உணர்ச்சியைச் சேர்க்கும் மென்பொருள் இல்லை.

மூன்றாவது, திருத்தப்படாத மூலப் பிரதியொன்றைத் தனியே பாதுகாத்து வைக்க. பின்னர் ஒப்பிடுதற்கும், வேண்டாத இடத்தில் மீளுதற்கும் அஃது உதவும்.

நான்காவது, திரையைப் பாராமல் பாட்டை ஒருமுறை முழுதும் கேட்க. செவிக்கு உறுத்தும் இடங்களை மட்டும் ஒரு தாளில் நேரத்தோடு குறித்துக்கொள்க. இதுவே மிக முக்கியமான படி. கோடுகளை முதலிற் பார்த்தவரின் கண் விலகல்களையெல்லாம் பிழையாகவே காணும். செவி ஏற்றுக்கொண்டதையும் கை திருத்தத் தொடங்கிவிடும். நான்கு நிமிடப் பாடலுக்கு ஒரு பகல் முழுதும் செலவாகி, முடிவில் உயிரற்ற குரல் எஞ்சுவது இவ்வாறுதான்.

ஐந்தாவது, மென்பொருளைத் திறந்து அளவுகோலைச் சரிசெய்க. நம் பாடகர் ஐந்தரைக் கட்டையில் பாடின் அது பியானோவின் ஜி சார்ப் ஆகும். ஆனால் தம்புராவைச் செவியால் கூட்டியிருந்தால் அஃது அக்கோட்டிலிருந்து இருபது சதம் ஏறியிருக்கலாம். அப்பொழுது பாட்டு முழுவதும் பிழையென்று கருவி கூறும். தம்புராவின் சட்சத்தை முதலில் அளந்து, மென்பொருளின் அடிப்படைச் சுருதியை அதற்கேற்ப மாற்றிக்கொள்க. தன்னியக்க வழியாயின் அப்பாடலில் வரும் சுரங்களை மட்டுமே அனுமதிக்க. உயர்ந்த பதிப்புகள் சிலவற்றிற் பயனர் தமக்கேற்ற சுர அளவுகளை வகுத்துக்கொள்ளவும் வழியுண்டு.

ஆறாவது, கருவி சுரங்களைச் சரியாகப் பிரித்துள்ளதா என்று பார்க்க. இரு சுரங்களை ஒன்றாகக் கொண்டிருக்கலாம். ஒரு சுரத்தை ஒரு ஸ்தாயி மேலாகவோ கீழாகவோ கணித்திருக்கலாம். 'ச', 'ஷ' முதலிய காற்றொலிகளைச் சுரமென்று மயங்கியிருக்கலாம். இவற்றைச் சீராக்காமல் திருத்தம் செய்வது, அத்திவாரம் இடாமல் சுவர் எழுப்புவது போலாகும்.

ஏழாவது, குறித்துவைத்த இடங்களை மட்டும் வரிசையாக எடுத்து, முதலில் நடுநிலையைச் சரிசெய்க. அதனாலேயே பெரும்பாலான குறைகள் நீங்கும். நீண்ட சுரம் முடிவில் சரியின் நகர்வைச் சிறிது குறைக்க. அசைவை இயன்றவரை தொடற்க. சுரத்தைக் கோட்டின்மேலேயே வைக்கவேண்டும் என்பதில்லை. பாதி தூரம் நகர்த்திக் கேட்டால் பெரும்பாலும் அதுவே போதும். நீண்டு நிற்கும் சுரங்களும், வரியின் முடிவுச் சுரங்களும், வாத்தியத்தோடு ஒன்றி ஒலிக்கும் சுரங்களுமே முக்கியமானவை. கடந்து செல்லும் குறுஞ்சுரங்களைக் கேட்போர் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒரு சுரத்தை மிகத் தூரம் நகர்த்தவும் வேண்டா. குரலின் தனித்தன்மை சுருதியில் மட்டும் இல்லை. தொண்டையும் வாயும் அமைந்த வடிவத்தால் எழும் ஒத்ததிர்விலும் இருக்கின்றது. சுருதியோடு அதுவும் சேர்ந்து நகரின் பெரியவர் குரல் குழந்தைக் குரல்போல ஆகிவிடும். நல்ல மென்பொருள்கள் அதனை இடம்பெயராது காக்கும். எனினும் இரண்டு மூன்று சுரத்தானம் நகர்த்தவேண்டிய இடத்தை மீண்டும் பாடிப் பதிவதே முறை.

எட்டாவது, தனிக் குரலை மட்டும் கேட்டு முடிவு செய்யாது, பக்கவாத்தியங்களோடு சேர்த்துக் கேட்க. குழுப்பாடலில் முதன்மைக் குரலை முடித்தபின், ஏனைய குரல்களை அதற்கிசையத் திருத்துக. பின்னர் செவிக்கு ஓய்வு கொடுத்து, இயலுமாயின் மறுநாட் காலை, மூலத்தையும் திருத்தியதையும் ஒரே ஒலியளவில் மாறிமாறிக் கேட்க. திருத்தியது சிறந்ததாகத் தோன்றாத இடங்களில் மூலத்துக்கே மீள்க. ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்தலும் எதிரொலி சேர்த்தலும் இவையெல்லாம் முடிந்த பின்னரே செய்யவேண்டியவை.

இதுகாறும் கூறியது தொழின்முறை. ஓர் ஆசிரியன் என்ற முறையில் கூறவேண்டுவது இன்னொன்றுண்டு. இன்றைய பிள்ளைகள் கையடக்கத் தொலைபேசியிற் கேட்கும் பாடல்களுட் பல இவ்வாறு திருத்தப்பட்டவை. திருத்தம் நடந்தது என்பதை அவர்கள் அறியார். அக்குரல்களைத் தம் குரலோடு ஒப்பிட்டு, "எனக்குப் பாட வராது" என்று வாய்மூடும் பிள்ளைகளைப் பாடசாலைகளிற் காண்கின்றோம். காலைப் பிரார்த்தனையில் உதடு மட்டும் அசைகின்றது, குரல் எழுவதில்லை. ஒலிநாடா பரவுமுன்னர் வானொலியிற் பாடியவர்களின் குரல், பாடிய அந்நேரத்திலேயே வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. சிறு விலகலும், மூச்சு வாங்கும் ஓசையும் அதனுடன் வந்தன. கேட்ட பிள்ளை, பாடுவதென்பது மனிதரால் இயல்வது என்று அறிந்தது. அந்த அறிவு இன்று பிள்ளைக்குத் தானாக வாய்ப்பதில்லை. நாம் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கின்றது.

ஆதலாற் பாடசாலைகளில் இக்கருவியை ஒளித்து வைக்காமல் திறந்து காட்டுதல் நன்று. பெயர்பெற்ற பாடலும் இவ்வாறு திருத்தப்பட்டிருக்கலாம் என்று பிள்ளை கண்ணாற் காணட்டும். தன் குரற் கோடு சட்சத்தை எவ்விடத்தில் விட்டு விலகுகின்றது என்பதையும் அத்திரையிற் காணட்டும். காண்பதும் மீண்டும் பாடுவதுமாகச் சில வாரம் பழகினால், திருத்தவேண்டிய தேவை குறையும். திருத்தும் கருவி இங்கே பயிற்றும் கருவியாகின்றது. ஆனால் போட்டிக்கும் பரீட்சைக்கும் அனுப்பும் பதிவிலே இதனைப் பயன்படுத்துதல், மற்றொருவர் எழுதிய விடையைத் தன் பெயரில் கொடுப்பது போன்றதேயாம். எவருடைய குரலையும் திருத்துமுன் அவரிடம் கூறி உடன்பாடு பெறுதலும் கடமை. குரல் அவருடையது, பதிவு செய்தமையால் அது நம்முடையதாகிவிடாது.

நேயர்களே, மென்பொருள்கள் ஆண்டுதோறும் மாறும். இன்று கூறிய பெயர்கள் நாளை பழையனவாகலாம். ஆயினும் எதை வாங்கினும், சுரத்தின் நடுநிலை, நகர்வு, அசைவு என்னும் மூன்றையும் அது தனித்தனியே தொடவிடுகின்றதா என்று பாருங்கள். எதைத் திருத்தினும், முதலிற் செவியாற் கேட்டுக் குறித்துக்கொண்டு பின்னர்த் திரையைத் திறவுங்கள். சந்தேகம் தோன்றும் இடத்தில் பாடகரை அழைத்து, அந்த ஒரு வரியை இன்னொரு முறை பாடச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் நேரம் பெரும்பாலும் திருத்துவதற்கு ஆகும் நேரத்தினும் குறைவு.